பாலக்கரையில் நடக்காமல் போன தேர்தல்

1

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே பினாங்கில் நான் ஒரு கூட்டத்தைக் கெடுத்துவிட்டேன். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னிடம் "சோறு போடு" என்பதற்கு மேல் பேசவில்லை. மகன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "நீ வாசலுக்கு வராதம்மா" என்கிறான். ஊரிலிருக்கும் நீங்களாவது நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள்.

நாங்கள் குடியிருப்பது வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளில். ஒரு வரிசையில் சீனர், ஒரு வரிசையில் மலாய்க்காரர், ஒன்றில் நாம். சாக்கடை அடைத்துக்கொள்கிறது, தெருவிளக்கு எரிவதில்லை, குப்பை வண்டி நினைத்தால் வருகிறது. இதையெல்லாம் கவனிக்க, குடியிருப்பவர்களே ஆள் பொறுக்கி ஒரு குழு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வரிசைக்கு ஒருவர். நம் வரிசையில் கிராணியார் ஒருவர் இருக்கிறார். கிராணி என்றால் இங்கே தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். தஞ்சாவூர்ப் பக்கம், பழுத்த மனிதர், நெற்றியில் பட்டை. அவர் நிற்பதாகச் சொன்னார். கடைசி வீட்டு ஆறுமுகம், லாரி ஓட்டும் பையன், "நானும் நிக்கிறேங்க" என்றான்.

கூட்டம் தொடங்கியதும் கிராணியார் எழுந்து, இரண்டு கையையும் விரித்து, சிரித்த முகமாகச் சொன்னார்: "நமக்குள்ள எதுக்குங்க போட்டி? சீனன் பாத்தா சிரிப்பான். ஆறுமுகம் நம்ம புள்ள, விட்டுக் குடுக்கும். ஏகமனதா முடிச்சிட்டு டீ குடிப்போம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏகமனது என்ற சொல்லைக் கேட்டதும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "எனக்குச் சம்மதமில்லைங்க. சீட்டுக் குடுங்க. எழுதிப் போடுறோம்" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. கிராணியார் அதே சிரிப்போடு, "உக்காரும்மா, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது எனக்கே முழுதாக நினைவில்லை. சத்தம் அந்தச் சீன வரிசைவரை போயிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் மகன், "பேசாம இருந்திருக்கலாம்லா. ஏகமனதுன்னா என்னம்மா?" என்று கேட்டான். ஒன்பது வயது. தமிழ் அவனுக்கு வீட்டுக்குள் மட்டும்தான். தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அதை நான் கற்றுக்கொண்டது உங்களிடம்தான், திருச்சியில், பாலக்கரையில்.

2

ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பதினேழு வயது. எங்கள் வீடு பாலக்கரையில் ஒரு பெரிய தெருவின் இடுப்பிலிருந்து பிரியும் சந்தில். பெரிய தெருவில் மாடி வீடுகள், கடைகள். சந்தில் ரயில்வே கூலிகள், பீடி சுற்றுகிறவர்கள், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ராவுத்தர் வீடுகள் சில, நாங்கள். தெருவுக்கும் சந்துக்கும் சேர்த்து ஒரே குழாய். அது தெருமுனையில், வெங்காய மண்டி சிவசாமி வீட்டு வாசலில் இருந்தது. பெரிய தெரு வீடுகள் பிடித்து முடித்த பிறகுதான் சந்துக்காரர்கள் குடம் வைக்கலாம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் மீறினால் குடம் உருளும். எங்கள் முறை வரும்போது குழாயில் காற்று வரும்.

என் அக்கா ரெங்கநாயகி அந்தக் குழாயடியில் தினமும் சண்டை போடுகிறவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து, ஒரு தையல் மெஷினோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள். முப்பது வயதுக்குள் ஊரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்திருந்தாள். யாருக்கு என்ன அளவு என்பதும் தெரியும், யார் வீட்டில் என்ன குறை என்பதும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தெருச் சபை வந்தது. குழாய் எங்கே, விளக்கு எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் என்பதை அந்தந்தப் பேட்டைக்காரர்களே சொல்லட்டும், அதற்குத் தெருவுக்கு ஒருவரை ஓட்டுப் போட்டு எடுங்கள் என்று நகராட்சிக்காரர்கள் அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் பேட்டைக்குப் புதிதாக ஒரு குழாய் ஒதுக்கியிருப்பதாகவும், அதை எங்கே வைப்பது என்பதே சபையின் முதல் வேலை என்றும் அதில் இருந்தது.

அக்கா அந்தக் காகிதத்தை நின்று படித்துவிட்டு வந்து, மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நான் நிக்கப் போறேன்" என்றாள்.

"எங்கடி நிக்கப் போறே?" என்றாள் அம்மா.

"எலக்‌ஷன்ல."

அம்மா உலையைக் கவனிக்கப் போய்விட்டாள். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "குழாய் சந்துக்குள்ள வந்துடுமா?" என்று கேட்டார். "வரவைக்கிறேன்" என்றாள் அக்கா. "அப்ப நில்லு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

3

அந்த மாதம்போல எங்கள் சந்து ஒருபோதும் சிரித்ததில்லை. தேர்தல் நடத்த நியமித்திருந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். அச்சுத வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமண் காப்பும் குடையுமாக பஸ்ஸில் வந்து இறங்குவார். தேர்தலில் நிற்கிற ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு படம், மறைப்புக்குப் பின்னால் போய் எந்தப் பெட்டியில் வேண்டுமோ அதில் சீட்டைப் போட வேண்டும் என்று விளக்கினார். அக்காவுக்கு லாந்தர் விளக்கு. எதிரே நின்றவர் மண்டி சிவசாமியேதான். அவருக்கு மாட்டு வண்டி.

அக்கா சந்துப் பெண்களுக்கு ஒத்திகை வைத்தாள். இரண்டு பிஸ்கட் டின், முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி, சீட்டுக்குப் பதில் புளியங்கொட்டை. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். வெளியே வந்ததும், "ஒனக்குத்தான்டி போட்டேன் ரெங்கநாயகி!" என்று கூவினார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லக் கூடாதுக்கா! சொல்லாம இருக்கத்தான் திரை!" யார் கேட்டார்கள்? போட்டதைச் சொல்லாவிட்டால் போட்ட புண்ணியம் எப்படிச் சேரும்? ஒரு கிழவி இரண்டு டின்னிலும் ஒவ்வொரு கொட்டை போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் நம்ம மனுசங்கதானே, எதுக்கு ஒருத்தரு மனசு நோவணும்?" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கைருன்னிசா அக்காதான் மிகவும் முனைப்பாக இருந்தார். அவர் கணவர் மார்க்கெட்டில் பழக்கடை. "அல்லா மேல ஆணையா சொல்றேன், இந்தத் தடவ சிவசாமி முதலாளி வாசல்ல நா கொடத்த வச்சிக்கிட்டு நிக்க மாட்டேன்" என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். திரைக்குப் பின்னால் அரை நிமிஷம் தனியாக நிற்பது அந்தப் பெண்களுக்குப் புதிது. புருஷன் பார்க்காமல், மாமியார் பார்க்காமல், முதலாளி பார்க்காமல் ஒரு காரியம். சிலர் இரண்டு முறை வரிசையில் வந்து நின்றார்கள்.

4

நடுவில் இங்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நான் எழுதப்போவதாக நினைக்காதீர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த நாளிலிருந்து இந்த ஊர் ஆபீஸ் கவுண்டர்களில் நான் என் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அடையாள அட்டைக்கு என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதிக் கொடுத்தால், அப்பா பெயரைத்தான் என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் "கோவிந்தசாமி!" என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து நிற்பேன். மீசை வைத்த ஆளைத் தேடுகிற கண்கள் என்மேல் வந்து விழும். திருத்தக் கேட்டால் வேறு கவுண்டர், அந்தக் கவுண்டருக்குப் போனால் நாளைக்கு வா. மலாய் மொழியில் நான் கேட்கிற கேள்வி ஒன்று, அவர்கள் சொல்கிற பதில் வேறொன்று. பல வருஷமாகிறது, இன்னும் நான் கோவிந்தசாமிதான்.

பிள்ளையைப் பற்றிச் சொன்னால் பெருமூச்சுத்தான். வெளியே மலாய், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் கால்வாசித் தமிழ். தோசையைக் கண்டால் முகம் சுளித்து, சீனன் கடையில் மீ என்கிற நூடுல்ஸ் கேட்கிறான். ஆனால் ஒன்று. போன வருஷம் அவன் வகுப்பில் மானிட்டர் தேர்தல். சீட்டு எழுதிப் போட்டார்கள். இவன் நின்றான், தோற்றான். வீட்டுக்கு வந்து, "தோத்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு, ஜெயித்த பையனோடு பந்து விளையாடப் போய்விட்டான். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டுச் சாப்பிட முடியும் என்பதே நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தெரியாது. தோற்கிற வழியையே அடைத்துவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பார்கள்.

5

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வெள்ளிக்கிழமை மாலை. அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம். மண்டி சிவசாமியும் பெரிய தெருக்காரர்கள் நால்வரும். ஒருவர் ஜவுளிக்கடை ராவுத்தர், ஒருவர் சர்ச் கமிட்டிக்காரர், மற்ற இருவர் கோயில் விழாக் கமிட்டி. மூன்று மதமும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது. சிவசாமி கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், மேலே ஒரு ரவிக்கைத் துண்டு.

எங்கள் வீட்டுக்கு அவர் அதுவரை வந்ததேயில்லை. அப்பா பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டார். அம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். அந்தத் தண்ணீரை அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்துதான் பிடித்து வந்திருந்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆஹா" என்றார்.

தேர்தல் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்று பேசினார்கள். அப்பாவின் முட்டிவலிக்கு எண்ணெய் சொன்னார்கள். என் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார்கள். பிறகு சிவசாமி எழுந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கோவிந்தசாமி, நல்ல காரியமா வந்திருக்கோம். வாங்கிக்குங்க."

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சிவசாமி சொன்னார்: "அப்ப ரெங்கநாயகி பாப்பா வெசயம் முடிஞ்சுது. ஊரு ஒத்துமைதான் பெருசு. வரோங்க."

நம் ஊரில் தாம்பூலம் வாங்கினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம்; அக்கா தேர்தலில் நிற்கமாட்டாள் என்று அப்பா வாக்குக் கொடுத்தாயிற்று. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இதைச் சொல்ல வந்தேன்: அவர்கள் மிரட்டியிருந்தால் அப்பா கதவைச் சாத்தியிருப்பார். பணத்தை நீட்டியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பார். அவர்கள் மரியாதையை நீட்டினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மரியாதை எப்போதாவது ஒரு முறைதான் வீடு தேடி வரும் என்று தெரிந்தே நீட்டினார்கள். வேண்டாமென்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வரும்? இன்று நினைத்தாலும் அந்தத் தாம்பாளத்தை எட்டி உதைக்க வேண்டும்போல் கால் துடிக்கிறது.

அக்கா குடத்தை இறக்கியபோது தட்டு கூடத்து நடுவில் இருந்தது. பார்த்ததும் புரிந்துகொண்டாள். "யாருப்பா வாங்குனா?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பெரிய மனுசங்க தட்ட நீட்டுறப்ப, வேணாம்னு எப்படிம்மா சொல்லுவேன்?"

"திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

அம்மா தட்டின் முன்னால் வந்து நின்றாள். "தாம்பூலத்தத் திருப்பிக் குடுப்பாங்களாடி? தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்கிறா. குடும்பத்துக்கு ஆகுமா?"

அக்கா ஈரப் புடவையோடு மெஷினில் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு ரவிக்கையை வேகமாகத் தைத்தாள். தைத்ததை முழுக்கப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை அச்சுத வாத்தியார் இரண்டு பெட்டிகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்கினார். பெட்டிகளில் லாந்தரும் மாட்டு வண்டியும் ஒட்டி, பூட்டுப் போட்டு, அரக்கு வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் திரைகூடக் கட்டியாயிற்று. சந்துப் பெண்கள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல வந்திருந்தார்கள்.

சிவசாமி எழுந்து கும்பிட்டார். "ஐயாவுக்குச் சிரமம் வைக்கலீங்க. ஊரு கூடிப் பேசி ஏகமனதா முடிச்சாச்சு."

"ரெங்கநாயகி பேரு இருக்கே!" என்று முக்காட்டுக்குள்ளிருந்து கைருன்னிசா அக்கா குரல் கொடுத்தார்.

"அவங்க வீட்டுல தாம்பூலம் வாங்கியாச்சும்மா."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாம்பூலமெல்லாம் நேக்குத் தெரியாது. பேர் குடுத்தவா தன் வாயால சொல்லணும். ஏம்மா, நீ சொல்லு. நிக்கறியா, இல்லையா?"

அந்த மனிதர் சரியாகத்தான் கேட்டார். பெரிய தெரு முழுக்க இருக்கும்போது, சத்தமாக, நடுக்கூடத்தில் கேட்டார். அக்கா எழுந்து நின்றாள். எதிர்ச்சுவர் ஓரமாக அப்பா, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் "நிக்கிறேன்" என்றால், கோவிந்தசாமி கொடுத்த வாக்கு அத்தனை பேர் முன்னால் பொய்யாகும். அவள் அப்பாவையே பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க. நிக்கலே."

கைதட்டல். யாரோ கல்கண்டு கொடுத்தார்கள். கைருன்னிசா அக்கா கல்கண்டைத் தரையில் போட்டுவிட்டு வெளியேறினார். பூட்டைக்கூடத் திறக்காத இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வாத்தியார் பஸ்ஸுக்கு நடந்தார். "சுமந்துண்டு வந்ததெல்லாம் வீண்" என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது.

புதிய குழாயை எங்கே வைப்பதென்று சபை கூடித் தீர்மானித்தது. அதுவும் ஏகமனதாக. சிவசாமி வெங்காய மூட்டை அடுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில். சந்துக்காரர்களுக்குக் காத்திருக்க இரண்டு இடமாயிற்று.

7

இங்கே கதை வேறு மாதிரி முடிந்தது. நான் போட்ட சத்தத்தில் சீன வரிசைக்காரர் ஒருவர் வந்து, "என்ன தகராறு? சீட்டுப் போட்டால் தீர்ந்தது" என்று ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். போட்டோம். கிராணியார்தான் ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில். பிறகு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று வீட்டுக்காரர் கேட்காமல் கேட்கிறார், பேசாமலிருந்து.

மறுநாள் ஆறுமுகம் வந்தான். தோற்றவன் முகமா அது! "அக்கா, பதினோரு பேரு எனக்குப் போட்டிருக்காங்கக்கா. யாரு யாருன்னே தெரியல. கடத்தெருவுல யாரப் பாத்தாலும் இவங்களா இருக்குமோன்னு சிரிச்சுக்கிட்டே போறேன்" என்றான். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பதினொன்றைத்தான் என் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஜெயத்தை அல்ல. அவள் ஜெயித்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. பெரிய தெருவில் தலைக்கட்டு அதிகம், தோற்றுக்கூட இருப்பாள். எத்தனை பேர் தன்னோடு இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு தோற்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. பாவிகள், அதற்குக்கூட விடவில்லை. பெரியவர்களே, உங்கள் ஒற்றுமையைக் கொண்டுபோய் வெங்காயக் கொட்டகையில் போடுங்கள்.

போன வருஷம் நான் ஊருக்கு வந்திருந்தேன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இன்னும் குழாயடியில் சண்டை போடுகிறாள். வரிசையில் அவளோடு நின்றுகொண்டிருந்தபோது, திடீரென்று அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்குப் பொட்டி தெறந்திருந்தா எனக்கு எத்தனை விழுந்திருக்கும்?"

"யாருக்குத் தெரியும்?"

"நான் எண்ணி வச்சிருக்கேன்." விரலை மடக்கினாள். கைருன்னிசா அக்கா. பீடி சுற்றும் பாப்பாத்தி. அந்தக் கிழவி, அவள் இரண்டிலும் போட்டிருப்பாள், பாதி என்று வைத்துக்கொள். பெரிய தெருவிலேயே இரண்டு மருமகள்கள். பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை வருஷமாக ஒவ்வொரு குடத்துக்கும் காத்து நின்று எண்ணியிருக்கிறாள். கடைசி விரலை மடக்கி, "அப்புறம் அப்பா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்பாவா? தட்ட வாங்குனதே அவருதானேக்கா?"

அக்கா குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தாள்.

"தட்ட நாலு பேரு பாக்க வாங்குனாரு. திரைக்குப் பின்னாடி யாரு பாக்கப் போறா?"